ஒரு காலுக்குக் காக்கிப் பட்டி

"பெட்டியத் தொறந்தோமா, கம்பளிய எடுத்தோமா, மூடினோமான்னு போகத் தெரியாதா ஒனக்கு? அடியில கெடக்கிறதெல்லாம் இன்னா இன்னான்னு கேட்டா நான் எத்தினி கதை சொல்றது? துணிக்கடையில நாள் முச்சூடும் புடவை விரிச்சிக் காட்டறவ நீ. ஒரு துணியத் தூக்கிக்கினு வந்து, இது இன்னா துணி ஆயான்னு என்னைக் கேக்கறியே, வெக்கமா இல்ல?"

பேத்தியை முதலில் இப்படித்தான் திட்டினேன். திட்டிவிட்டு அவள் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டேன். நாலு விரல் அகலம், ரெண்டு ஆள் நீளம், காக்கி நிறம், கம்பளி. ஒரு முனையில் கட்டுவதற்கு நாடா தைத்திருக்கும். பூச்சி அரித்து அங்கங்கே கண் விட்டிருந்தது.

"கோமணமா ஆயா?" என்றாள்.

"வாய்லயே போடுவேன். மிலிட்டரிக்காரங்க கால்ல சுத்திக்கிறது. பட்டின்னு பேரு."

"நம்ம வீட்ல யாரு மிலிட்டரி?"

"யாரும் இல்ல."

"அப்ப யாருது?"

அதைக் கேட்டுவிடுவாள் என்றுதானே அவ்வளவு திட்டினேன்? கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு, கால் ரெண்டையும் நீட்டிப்போட்டு ஆடுசதையைப் பிசைந்துகொண்டாள். நாள் பூராவும் கடையில் நின்ற கால். அந்தக் காலைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கு அவர்தான் வாட்ச்மேன். கம்பெனி ஏட்டில் அவருக்கு ஏதோ பேர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மிலிட்டரி. மாதனூர் பக்கத்திலிருந்து எங்களை ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி வண்டி ரோட்டை விட்டுத் திரும்பும்போதே கேட்டுக்கு மேலே ஒரு காக்கித் தொப்பி எழும்பும், இறங்கும், மறுபடி எழும்பும். ஆள் தெரியாது. தொப்பி மட்டும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், யாரோ கேட்டைத் தாண்டி எட்டி எட்டிப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன்.

அந்த மனுஷனால் சும்மா நிற்க முடியாது. நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்குவார், இறக்குவார். சலாம் அடிக்கும்போதும் அப்படித்தான், லாரிக்காரனிடம் சீட்டு வாங்கும்போதும் அப்படித்தான். உட்காரச் சொல்லி கம்பெனி ஒரு முக்காலி கொடுத்திருந்தது. அதில் அவர் சோற்று டப்பா உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் கடைசி வரிசையில் நின்று ஆடுவாராம். என் பக்கத்து டேபிள்காரி சொல்லுவாள்: நீளமான ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது பாஸ்டர் பாதியில் கண்ணைத் திறந்திருக்கிறார். கடைசி வரிசையில் ஒரு தலை மேலும் கீழும் போய்வருவதைப் பார்த்ததும் விட்ட இடம் மறந்துபோய், ஆமென் என்று முடித்துவிட்டாராம். அந்த வாரம் சபையில் எல்லாருக்கும் மிலிட்டரியின் மேல் ரொம்பப் பிரியம்.

சாயங்காலம் வேலை விட்டதும் பையைச் சோதனை போட எங்களை கேட்டில் வரிசையாக நிறுத்துவார்கள். அறுபது பெண்கள். வரிசை நகரவே நகராது. அவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

"சும்மா நிக்காதீங்கம்மா! குதிகாலைத் தூக்குங்க. கீழ எறங்கினது மேல ஏற வேணாமா?"

"இன்னா எறங்குச்சி மிலிட்டரி? சோறா?"

"ரத்தம்மா, ரத்தம்!"

ஒருநாள் கிண்டலுக்காக நாங்களே பேசிவைத்துக்கொண்டு, அறுபது பேரும் சேர்ந்தாற்போலக் குதிகாலைத் தூக்கி இறக்கினோம். வளையல் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. அவருக்கு அது கிண்டல் என்று தோன்றவே இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. எங்களுக்குத்தான் ஒருமாதிரி ஆகிவிட்டது.

காரணத்தை அப்புறம் ஒருநாள் சொன்னார். பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், வடக்கே எங்கேயோ, பெரிய அதிகாரி வருகிறார் என்று மூன்று மணி நேரம் வெயிலில் அசையாமல் நிறுத்திவைத்தார்களாம். இவர் பக்கத்தில் நின்ற பையன் பலகை சாய்கிற மாதிரி முகம் குப்புற விழுந்தான். முன்பல் நாலும் போச்சு. குடித்துவிட்டு விழுந்தான் என்று அவனுக்குத் தண்டனை வேறு.

"அவன் குடிக்கலம்மா. மோர் கூட குடிக்கலை. பட்டாளத்து டாக்டர்தான் சொன்னாரு, அவன் ரத்தம் மொத்தமும் பூட்ஸுக்குள்ள எறங்கித் தங்கிப்போச்சி, தலைக்குப் போறதுக்கு ஜாஸ்தி இல்லன்னு. அன்னிலேர்ந்து நான் நின்னதே இல்ல."

நாள் பூராவும் நிற்பதுதான் அவருக்கு வேலை. அதைச் செய்துகொண்டே நின்றதே இல்லை என்கிறார். நான் சிரித்தேன். எனக்கும் அப்போது சிரிக்க வேறு விஷயம் கம்மிதான்.

ஏனென்றால் என் காலில் ஒரு புண் இருந்தது.

நான் ஃபினிஷிங்கில் இருந்தேன். தைத்து வருகிற ஷூவில் பசையைத் துடைத்து, பாலிஷ் போட்டு, பெட்டியில் வைக்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே செய்ய வேண்டும். இடது கணுக்காலுக்கு உள்பக்கம் முதலில் அரித்தது. பிறகு தோல் கறுத்தது, வாடின கத்தரிக்காய் மாதிரி. டேபிள் கால் இடித்ததில் அந்த இடம் பிளந்தது. பிளந்தது மூடவே இல்லை. ஒரு மாசம், ரெண்டு மாசம், எட்டு மாசம்.

எங்கள் பக்கத்தில் ஆறாத புண்ணுக்கு ரெண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று, தோல் பதனிடுகிற ஷாப்பு மருந்து. என் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் ஊறின தோலைத் தூக்கிப் போடுகிறவர், அவர் விரலெல்லாம் மருந்து தின்ற குழி இருக்கும். அவர் துணியைத் துவைத்ததால் எனக்கும் வந்தது என்று என் மாமியார் முதலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் குழியெல்லாம் ஆறியது. என் புண் ஆறவில்லை. அப்புறம் அவள் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டாள். அந்த ரெண்டாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பெரிய வியாதி, அதாவது குஷ்டம். வருஷத்துக்கு ஒருதடவை ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடு வீடாக வந்து, தேமல் இருக்கிறதா, மரத்துப் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் எங்கள் தெருவுக்கு வந்த அன்றைக்கு நான் கொல்லைப்பக்கமாகப் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

மாமியார் ரெண்டு காரியம் செய்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு கறுப்புக் கயிற்றை மந்திரித்து இறுக்கிக் கட்டினாள். கெட்ட ரத்தம் கீழேயே நிற்க வேண்டும், மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடக் கூடாது என்று. ரெண்டாவது, என் தட்டைத் தனியாக எடுத்து, பின்கட்டில் ஆட்டுக்கல் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டுகிறவளாக இருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தட்டை நானே போய் எடுத்து வந்து நானே கழுவிக் கவிழ்க்க வேண்டும். வியாதி இன்னதென்று தெருவுக்குத் தெரிந்தால் அடுத்து தட்டோடு சேர்த்து என்னையும் எங்கே கவிழ்த்து வைப்பார்களோ என்று ஒவ்வொரு வேளையும் நினைத்துக்கொள்வேன்.

கம்பெனியில் யாருக்கும் தெரியாது. பாதம் தெரியாமல் புடவை கட்டிக்கொள்வேன்.

"ஒனக்கு எடது காலு லேட்டா வருது," என்றார் மிலிட்டரி ஒருநாள் கேட்டில்.

"ஒன் வேலையப் பாரு மிலிட்டரி."

"என் வேலை வர்றவங்க போறவங்களப் பாக்கறதுதான். ஒரு காலு வந்துடுது, இன்னொண்ணு யோசிச்சிட்டு வருது. புண்ணா?"

நான் உள்ளே போய்விட்டேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான். மறுநாள் வண்டி முன்னாலேயே வந்தது. யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"அது எப்டிய்யா ரத்தம் மேல ஏறும்? தண்ணி எங்கனா தானா மேட்டுல ஏறுமா?"

அவர் குதிகால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கேட்டுக்கு உள்ளே இருந்த அடிபம்பைக் காட்டினார்.

"அது எப்டி ஏறுது?"

"அடிக்கிறோம், ஏறுது."

"அடிக்கிறத நிறுத்தினதும் ஏறின தண்ணி கீழ போய்டுதா?"

"வாஷர் நல்லா இருந்தா நிக்கும். தேஞ்சி போயிருந்தா எறங்கிடும். மறுபடி அடிச்சாத்தான்."

"அவ்வளவுதான். ஒன் ஆடுசதைதான் பம்பு. குதிகாலைத் தூக்கினா சதை இறுகும், ரத்தத்தைப் பிழிஞ்சி மேல தள்ளும். நரம்புக்குள்ள சின்னச் சின்னதா வாஷர் இருக்கு, தள்ளினது திரும்பி எறங்காம பிடிச்சிக்கும். ஒனக்கு அந்த வாஷர் தேஞ்சிருக்கு. ரத்தம் எறங்கி கணுக்கால்ல தேங்குது. தேங்கின எடத்துல தோலு ஊறும், கறுக்கும், புண்ணு வரும்."

"புது வாஷர் போட முடியாதா? நம்ம ஊர்ல தோலுக்கா பஞ்சம்?"

"அது எந்தக் கடையிலயும் இல்லம்மா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் தன் புறங்கையை நீட்டினார். நரம்பு பச்சையாகப் புடைத்துக்கொண்டிருந்தது. விரல் பக்கத்தில் அந்த நரம்பை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தார். இன்னொரு விரலால் அங்கிருந்து மணிக்கட்டை நோக்கி ஒரே இழுப்பாக வழித்தார். நரம்பு காணாமல் போய்விட்டது. மேல் விரலை எடுத்துவிட்டார். அப்போதும் தட்டையாகவே இருந்தது. மேலே இவ்வளவு ரத்தம் இருந்தும் கீழே இறங்கி வரவில்லை. பிறகு கீழ் விரலை எடுத்தார். விரல் பக்கத்திலிருந்து சட்டென்று ஓடிவந்து நிரம்பியது.

"ஒரே வழிதான். கை முனையிலேர்ந்து, கால் முனையிலேர்ந்து, நெஞ்சுக்கு. அது போய்த்தான் ஆகணும்."

"அப்ப மேல ஏறக் கூடாதுன்னு கயிறு கட்டினா?"

"கட்டியிருக்கியா?" அவர் முகம் சுளித்தார். "மொதல்ல அதை அறுத்துப் போடு."

"என் மாமியார நீ பாத்ததில்ல."

"நான் எதிரிப் பட்டாளத்தையே பாத்திருக்கேன்."

"அது பரவால்ல."

பட்டி கட்டுவதை அவர் சொல்லிக்கொடுத்த விதத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நான் காலைக் காட்ட முடியாது, அவர் காலைத் தொட முடியாது. அந்த முக்காலியைக் கவிழ்த்தார். ஷூ செய்ய வைத்திருக்கும் மரப்பாதம், உடைந்தது ஒன்று, குப்பையில் கிடந்தது. அதை முக்காலிக் காலோடு சேர்த்துக் கட்டினார். இப்போது அது ஒரு மனுஷக் கால். தன் பையிலிருந்து துண்டை எடுத்து அதில் சுற்றிக் காட்டினார்.

"விரலுக்கு அடியிலேர்ந்து ஆரம்பிக்கணும். குதிகாலை விட்டுடக் கூடாது. கீழ இறுக்கம், மேல போகப் போகக் கம்மி. ஒன் கயிறு பண்றதுக்கு நேர் தலைகீழ். புண்ணு மேல மொதல்ல சுத்தமான வேட்டித் துணி. காலையில பாயை விட்டு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே கட்டிடணும், ரத்தம் எறங்கறதுக்குள்ள. படுக்கும்போது அவுத்துட்டு காலைத் தலகாணி மேல வை. ஆஸ்பத்திரிக்கும் போ. நான் டாக்டர் இல்ல."

ஆஸ்பத்திரி என்றதும் புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டேன். அங்கே போனால் அந்த ரெண்டாவது காரணத்தைச் சொல்லிவிடுவார்களே.

மறுநாள் காலை ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். உள்ளே இந்தப் பட்டி. துவைத்து, இறுக்கிச் சுருட்டியிருந்தது. அவர் எப்போதும் பேண்ட்டுக்கு மேலே, ரெண்டு காலிலும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பட்டி சுற்றிக்கொண்டுதான் நிற்பார். அன்றைக்கு வலது கால் மட்டும் கட்டியிருந்தது. இடது பேண்ட் தொளதொளவென்று ஆடியது.

"இன்னா மிலிட்டரி, பாதி லீவா?" என்று பெண்கள் கேட்டார்கள்.

"இன்னொண்ண எலி கடிச்சிடுச்சி," என்றார்.

என்னிடம் மெதுவாக, "ரெண்டு காலுக்கும் ஒரே ரத்தம்தானேம்மா. எனக்கு ஒண்ணு போதும்," என்றார்.

கட்டின நாலாவது நாள் வலி குறைந்தது. ஆனால் கயிறு இருந்தது. அன்று மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வேர் மாதிரி நரம்பு ஓடும் கை அவளுக்கு.

"அத்தே, கையக் குடு. ஒண்ணு பாக்கணும்."

ஜோசியம் என்று நினைத்து நீட்டினாள். அழுத்தினேன், வழித்தேன், மேல் விரலை எடுத்தேன். "பாத்தியா, மேலேர்ந்து எறங்கல. இப்ப கீழ் விரலை விடறேன், எந்தப் பக்கத்திலேர்ந்து வருதுன்னு பாரு."

விரல் பக்கத்திலிருந்து வந்தது. அவள் கையை வாங்கிக்கொண்டு தானே செய்து பார்த்தாள். மூன்று தடவை. அடுத்த கையிலும் செய்தாள். பிறகு எழுந்துபோய், பகல் தூக்கத்தில் இருந்த தன் மகனின் புறங்காலில் குனிந்து செய்து பார்த்தாள். அவர் ஈ என்று நினைத்துக் காலை உதறினார்.

திரும்பி வந்து அரிசி முறத்தை ஒதுக்கி வைத்தாள்.

"அப்ப இத்தினி மாசமா அது போற வழிய நானா அடைச்சி வச்சேன்?"

அரிவாள்மனையை எடுத்து வந்து கயிற்றை அவளே அறுத்தாள். கயிறு இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அதை விரலால் தடவினாள். ஆனால் அன்று சாப்பிடும்போது பார்த்தேன், தட்டு ஆட்டுக்கல் பக்கத்திலேயே இருந்தது. ரத்தம் எந்த வழியாகப் போகிறதென்று தெரிந்துவிட்டது. புண் எந்த வியாதி என்று தெரியவில்லையே.

அந்த மாசம் வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் வந்தார்கள். மேனேஜர் ஒரு வாரம் முன்பிருந்தே எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். கையில் காலில் புண் இருக்கிறவர்கள் யாரும் ஃபினிஷிங்கில் நிற்கக் கூடாது என்று சூப்பர்வைசர் டேபிள் டேபிளாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் புடவையை இன்னும் ரெண்டு விரல் இறக்கிக் கட்டினேன்.

அவர்கள் வருகிற அன்று காலை மேனேஜர் கேட்டுக்கு வந்து மிலிட்டரியை மேலும் கீழும் பார்த்திருக்கிறார்.

"இன்னாய்யா இது, ஒரு கால்ல பட்டி, ஒரு கால்ல இல்ல? சர்க்கஸா? கட்டினா ரெண்டும் கட்டு, இல்ல ரெண்டையும் அவுரு. அப்புறம் இந்த ஆட்டம் ஆடாதே. மரம் மாதிரி நிக்கணும். ஆடறதப் பாத்தேன், நாளைக்கு நீ வர வேணாம்."

என்னிடம் இருந்ததை ஒருநாளைக்குத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மிச்சமிருந்த ஒன்றையும் அவிழ்த்து முக்காலியில் வைத்துவிட்டு விறைப்பாக நின்றார்.

மெட்ராஸிலிருந்து வர வேண்டிய கார் ரெண்டு மணி நேரம் லேட். அவர்களுக்காக வாங்கிவைத்த பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. மேனேஜர் ஆபீஸ் வாசலில் நின்றபடி ரோட்டைப் பார்ப்பார், மிலிட்டரியைப் பார்ப்பார். எங்கள் ஜன்னலிலிருந்து கேட் தெரியும். தொப்பி அசையவே இல்லை. சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் வீடு எப்படி இருக்கும், அப்படி இருந்தது. என் கை ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தது, கண் அங்கேயே இருந்தது.

கார் வந்தது. கேட்டைத் திறந்தார். சலாம் அடித்தார். அடித்த கையோடு பலகை மாதிரி சாய்ந்தார்.

"வலிப்பு! வலிப்பு!" என்று கத்திக்கொண்டு டிரைவரும் லோடு தூக்குகிறவர்களும் ஓடினார்கள். ஒருத்தன் அவரைத் தூக்கி உட்காரவைத்தான். ஒருத்தன் சாவிக்கொத்தைக் கையில் வைத்து அழுத்தினான். தலை தொங்கியது. உதடு வெள்ளையாகிக்கொண்டே போனது. நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். ஓடினது எனக்கு ஞாபகமே இல்லை, என் சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது.

"படுக்க வைங்கடா பாவிங்களா! ஒக்கார வச்சா ரத்தம் எப்டிடா தலைக்குப் போவும்?"

அவரைக் கீழே கிடத்தி, நான் தரையில் உட்கார்ந்து, அவர் கால் ரெண்டையும் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். கம்பெனி மொத்தமும் பார்க்கிறது. காரிலிருந்து இறங்கின வெள்ளைக்காரர்களும் பார்க்கிறார்கள். அவர் பேண்ட் முழங்காலுக்குச் சரிந்தது. வலது கால் சுத்தமாக இருந்தது. இடது கணுக்காலுக்கு உள்பக்கம், என் கண்ணுக்கு நேராக, வாடின கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பட்டை. பழைய தழும்பு. அதன் நடுவில் புதிதாக ஒரு பிளவு. அதை மூடி வேட்டித் துணி ஒட்டிக்கொண்டிருந்தது.

ரெண்டு கால் இருந்தது அவருக்கு. எனக்கு அவிழ்த்துக் கொடுத்தது அந்தக் காலிலிருந்து.

ஏன் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. முக்காலியில் கிடந்த அந்த இன்னொரு பட்டியைப் பார்த்தேன். மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டு, நூலாகப் போயிருந்தது; புண்ணுக்கு வேண்டிய அளவு இறுக்கினால் அறுந்துபோகும். நல்லதை எப்போதும் கெட்ட காலுக்குத்தான் கட்டியிருக்கிறார். யாருக்காவது கொடுப்பதென்றால் நல்லதைத்தானே கொடுப்பார்?

கொஞ்ச நேரத்தில் உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்தார்.

"காரு வந்துடுச்சா?"

"வந்துடுச்சி. பேசாம படு."

தன் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். கூச்சப்படுவார் என்று நான் நினைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஒசத்திப் பிடி," என்றார்.

அதற்குள் சூப்பர்வைசர் என் காலைப் பார்த்துவிட்டார். தரையில் உட்கார்ந்ததில் என் புடவை ஏறி, காக்கிப் பட்டி முழுசாகத் தெரிந்தது. "இன்னா கட்டு அது?" என்றார். மறைத்து இனி ஆகப்போவதில்லை. "புண்ணு," என்றேன். சுற்றி நின்ற பெண்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். ஒரே ஒரு அடிதான். ஆனால் அந்த ஒரு அடி எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

சாயங்காலம் மேனேஜர் எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்: டாக்டர் எழுதின சீட்டு இல்லாமல் உள்ளே வர வேண்டாம்.

மறுநாள் வேலூர் போனோம். நான் தனியாக அவரோடு போனால் நன்றாகவா இருக்கும்? மாமியார் கூட வந்தாள். பஸ்ஸில் நாங்கள் பின்னால், அவர் முன்னால். உட்கார்ந்தபடியே வேலூர் வரைக்கும் குதிகால் தட்டிக்கொண்டே வந்தார். "இந்த ஆளு மெஷினா?" என்று மாமியார் என் காதில் கேட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒரு ஊசி முனையால் குத்தினார்.

"அய்யய்யோ!"

அங்கே குத்தினார், இங்கே குத்தினார். குத்தின இடமெல்லாம் கத்தினேன். டாக்டர் சிரித்தார். "இவ்வளவு வலிக்குதுன்னா அந்த வியாதி இல்லம்மா. அதுல மரத்துப் போயிடும். இது நரம்புல ரத்தம் தேங்கி வந்த புண்ணு." வலித்ததற்குச் சந்தோஷப்பட்டவள் அந்த ஆஸ்பத்திரியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் கத்தலைக் கேட்டு வெளியிலிருந்து ஓடிவந்த மாமியார் விஷயம் தெரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"கட்டு யாரு போட்டது?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க கம்பெனி வாட்ச்மேன்."

"முழங்கால்கிட்ட கொஞ்சம் தளர்த்தச் சொல்லு. மத்தபடி சரிதான்."

அடுத்தது மிலிட்டரி முறை. மாமியாரும் நானும் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அங்கே ஏற்கெனவே கால் காட்டி வந்தவராம்; டாக்டர் அவர் இடது காலைப் பார்த்ததும் கோபப்பட்டார். "நல்லா ஆறியிருந்த காலு! இதுல கட்டாம எதுக்கு விட்டீங்க? எல்லாம் தெரிஞ்சவரு நீங்க." மிலிட்டரி விட்டத்தில் ஓடின ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் என் காலைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் பின்கட்டுக்குப் போனாள். என் தட்டைக் கொண்டுவந்து, தன் தட்டுக்கு மேலே அடுக்கி வைத்தாள். அப்புறம் தன் பச்சைக் கட்டம் போட்ட நூல் புடவையை எடுத்து, நாலு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்தாள்.

"அந்த மெஷினுக்குக் குடு," என்றாள்.

அதை அவர் கட்டிக்கொண்டு நின்றார். வலது காலில் ஒட்டுப்போட்ட காக்கி, இடது காலில் பச்சைக் கட்டம். சீட்டில் டாக்டர் என்ன எழுதினாரோ, மேனேஜர் அதற்குப் பிறகு ஆடாதே என்று சொல்லவில்லை. மறுபடி கேட்டுக்கு மேலே தொப்பி எழும்பியது, இறங்கியது. என் புண் மூட இன்னும் அஞ்சு மாசம் ஆனது. ரொம்ப வருஷம் கழித்து அவர் மகன் சத்துவாச்சாரியில் வீடு கட்டி அவரைக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது பட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். "வச்சிக்கம்மா. தேஞ்ச வாஷர் தேஞ்சதுதான்," என்றார்.

ஆனால் வேலூர் போய்வந்த அந்த வாரம் எங்கள் தெரு சும்மா இருக்குமா? கம்பெனியில் நடந்தது மாதனூர் வந்து சேர்வதற்குள் கைகால் முளைத்துவிட்டது. அவருடைய பட்டி என் காலில், எங்கள் வீட்டுப் புடவை அவர் காலில். அடிபம்புக்கு நான் குடத்தோடு போனதும் ஆறு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாக்கா கதை அது? எங்களுக்கும் சொல்லேன்."

"சொல்றேன். ஆனா சும்மா நின்னுக்கினு கேக்கக் கூடாது. குதிகாலைத் தூக்கி எறக்கிக்கினே கேளுங்க. எவ நிறுத்தறாளோ அவளுக்குக் கதை கட்."

ஆறு பேரும் ஆடிக்கொண்டே கேட்டார்கள். ரத்தம் ஏறுவதைச் சொன்னேன், வாஷரைச் சொன்னேன், ஊசி குத்தினதைச் சொன்னேன். என் தோளில் அவர் கால் இருந்ததையும் நானே சொல்லிவிட்டேன், வேறு யாராவது சொல்வதற்கு முன்னால். கடைசியில் கோடி வீட்டுக்காரி, அவளுக்கு எப்போதும் கேள்வி கூர்மையாகத்தான் வரும், ஆடுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அந்த ஆளு காலுலயும் புண்ணு இருந்துச்சாமே. எந்தக் கால்லருந்து ஒனக்கு அவுத்துக் குடுத்தாரு?"

உண்மையைச் சொன்னால் அந்தத் தெரு அதற்கு ஒரு பேர் வைத்துவிடும். வைத்த பேர் போகாது.

"நல்ல கால்லருந்துதான்," என்றேன்.

பம்பை அடித்துக்கொண்டிருந்த என் மாமியார் கையை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு கோடி வீட்டுக்காரியைப் பார்த்தாள்.

"ஆமாண்டி, நல்ல காலுதான். நானும்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேனே, பாத்தேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.